நாலாவது குழாய்

ஊரில் அவளுக்குத் தண்ணி டீச்சர் என்று பெயர். பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவள் இல்லை. எடுப்பதற்குப் படித்தவளும் இல்லை. பஸ்ஸிலிருந்து இறங்கும் பிள்ளைகளைப் பலகைப் பாதையில் வரிசையாக நடத்திக்கொண்டுபோய், சதுப்பு நிலத்துக்குத் தண்ணீர் எப்படி வந்துகொண்டிருந்தது, எப்படி நின்றது, எப்படித் திரும்பி வரப்போகிறது என்று ஒன்றரை மணி நேரம் சொல்லிக் காட்டுவது அவள் வேலை. ஒரு நாளைக்கு இரண்டு பஸ். தொண்டை கட்டினாலும் சொல்லுவாள், காய்ச்சல் அடித்தாலும் சொல்லுவாள். தூக்கத்தில்கூட "கைப்பிடியைப் பிடிச்சுக்குங்க, எட்டிப் பார்க்காதீங்க" என்கிறாள் என்று அவள் கணவர் கேலி செய்வார்.

அவள் சொல்லும் கதை சின்னதுதான். மேலே குன்றுப் பக்கமிருந்து ஓர் ஓடை வருகிறது. கீழே சதுப்பு நிலம். நாற்பது வருஷத்துக்கு முன்னால் இரண்டுக்கும் நடுவில் மண்ணைக் கொட்டி உயர்த்தி ஒரு ரோடு போட்டார்கள். ஓடை ரோட்டில் முட்டி, பக்கத்துச் சாக்கடையில் திரும்பி, யாருக்கும் உதவாமல் எங்கேயோ போய்ச் சேர்ந்தது. கீழே நிலம் காய்ந்தது. கோரை போயிற்று, மீன் போயிற்று, மீனைத் தேடி வந்த நாரையும் போயிற்று. இப்போது ரோட்டுக்கு அடியில் நாலு இடத்தில் குழாய் பதித்துத் தண்ணீரைப் பழையபடி உள்ளே விடுவதாகத் திட்டம். மூன்று குழாய் பதித்தாயிற்று. நாலாவது பாக்கி.

அந்த நாலாவதில்தான் விஷயமே இருக்கிறது. முதல் மூன்றும் தோண்டுவதற்கு வசதியான மேட்டு இடங்களில் பதித்தவை. கொட்டு கொட்டென்று மழை கொட்டினால் ஒழிய அவற்றின் வாய்க்குத் தண்ணீர் ஏறாது. ஓடையின் பழைய பள்ளம் நாலாவது இடத்தில் இருக்கிறது. அங்கே தோண்ட வேண்டுமானால் இரண்டு மாதம் ரோட்டை மூட வேண்டும். ரோட்டை மூடுகிறேன் என்று சொல்ல எந்த அதிகாரிக்கு வாய் வரும்? சுலபமானதை முதலில் முடித்துவிட்டு முக்கியமானதைக் கடைசிக்குத் தள்ளியிருந்தார்கள். உலகத்தில் பாதி வேலை இப்படித்தான் நடக்கிறது.

மூன்றாவது குழாயின் வாயில் ஒரு சிமெண்டுத் தொட்டி, தொட்டிக்கு ஒரு மதகு, மதகை அடைக்க ஒரு மரப்பலகை. பிள்ளைகளை மூன்று எண்ணச் சொல்லிவிட்டு அவள் பலகையைத் தூக்குவாள். தண்ணீர் சீறிக்கொண்டு வாய்க்காலில் பாயும். பின்வரிசையில் வாயாடிக்கொண்டிருக்கிற பையன்கள்கூட அந்த நேரத்தில் முன்னால் வந்துவிடுவார்கள். முதல் வருஷம் நல்ல மழை. ஓடியது நிஜமாகவே ஓடைத் தண்ணீர். அந்த வருஷம்தான் அவள் உட்கார்ந்து வினாத்தாளை எழுதினாள். நாலு கேள்வி. நாலும் சரியாக எழுதுகிற பிள்ளையின் தாளில் ஒரு நாரை முத்திரை குத்திக் கொடுப்பாள். மூன்றாவது கேள்வி: மதகில் ஓடும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? விடை: மேலே உள்ள ஓடையிலிருந்து.

இரண்டாம் வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஒரு நாள் மூன்று பஸ் நிறையப் பிள்ளைகள் வருவதாக இருந்தது. தொட்டியில் ஒரு சொட்டு இல்லை. திட்ட ஆபீஸ் மேனேஜர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பிறகு எங்கிருந்தோ ஒரு டீசல் மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கினார். சதுப்பு நிலத்தின் கோடியில் மிச்சமிருந்த ஒரே குட்டையிலிருந்து அது தண்ணீரை இழுத்துத் தொட்டியில் விடும். அந்தத் தண்ணீர் மதகு வழியாக ஓடி, வாய்க்கால் வழியாகத் திரும்பி, அதே குட்டைக்குப் போய்ச் சேரும்.

"இன்னிக்கு ஒரு நாள்தான் டீச்சர். ஓடினா எப்படி இருக்கும்னு பிள்ளைங்க பார்க்க வேண்டாமா?" என்றார் மேனேஜர்.

அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஓடாத தண்ணீரைப் பற்றி எத்தனை நேரம் பேசுவது? அந்த ஒரு நாள் ஒன்றரை வருஷமாக நீண்டது. மோட்டாரை ஓட்ட ஓர் ஆளே போட்டார்கள். "அது என்ன சத்தம்?" என்று கேட்கிற பிள்ளைகளிடம் "ஆபீஸ் ஜெனரேட்டர்" என்று சொல்ல அவள் பழகிக்கொண்டாள். முதல் தடவை சொன்னபோது முகம் சிவந்தது. பத்தாவது தடவைக்கு அதுவும் நின்றுபோயிற்று.

அவள் கணவருக்கும் அங்கேதான் வேலை. மதகுக்குக் கீழே வாய்க்காலில் ஓர் அளவுகோல் நட்டிருக்கிறார்கள். தண்ணீர் எத்தனை சென்டிமீட்டர் நிற்கிறது என்று தினமும் காலை ஏழு மணிக்குப் பார்த்து நோட்டில் எழுதுவார். ஏழு என்றால் ஏழு. ஐந்து நிமிஷம் முன்னால் வந்துவிட்டால் அந்த ஐந்து நிமிஷமும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுத்தான் குனிவார். "பார்த்ததைத்தான் எழுதணும். நினைச்சதை எழுதக் கூடாது" என்பது அவர் தினமும் சொல்கிற மந்திரம். "உங்களை அந்தக் கோலுக்கே கட்டிக் கொடுத்திருக்கலாம்" என்பாள் அவள். மூன்று, இரண்டு, ஒன்று, ஒன்றுமில்லை என்று நோட்டு நிறைந்துகொண்டு வந்தது. மோட்டார் ஒன்பது மணிக்கு மேல்தான் ஓடும் என்பதால் அவர் அளவுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

மூன்றாம் வருஷக் கோடையில் ஒரு சின்னப் பெண் பலகைப் பாதையில் மயங்கி விழுந்தாள். தண்ணி டீச்சர் அவளை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு ஆபீஸ்வரை ஓடினாள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்கு அவள் மேனேஜரை ஒரு பிடி பிடித்தாள். பதினொரு மணி வெயிலில் பிள்ளைகளை நடத்த மாட்டேன், காலை ஏழரைக்கே ஆரம்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மேஜையைத் தட்டிச் சொன்னாள். மேனேஜர் மூச்சு விடாமல் ஒத்துக்கொண்டார். அவள் வாழ்க்கையில் சண்டை போட்டு ஜெயித்தது அது ஒன்றுதான்.

சுற்றுலா ஏழரைக்கு என்றால் மோட்டார் ஆறு மணிக்கே ஓட வேண்டும். ஏழு மணிக்குள் தொட்டி நிரம்பி, பலகைக்கு மேலே வழிந்து, வாய்க்காலில் நிற்கும். இரண்டாம் நாள் சாயங்காலம் அவள் கணவர் வீட்டுக்கு வந்து நோட்டை வைத்துக்கொண்டு இடித்த புளி மாதிரி உட்கார்ந்தார்.

"கோல் நாப்பது காட்டுது."

"மோட்டார் தண்ணிதானே அது. அஞ்சு மணிக்கே போய்ப் பார்த்துட்டு வந்துடுங்க."

"மூணு வருஷமா ஏழு மணி அளவு. நடுவுல நேரத்தை மாத்தினா முன்னாடி எழுதினது எல்லாம் வீணாப் போயிடும்."

"அப்போ எழுதாதீங்க."

"கண்ணு முன்னாடி நாப்பது நிக்குது. எப்படி எழுதாம இருக்கிறது?"

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். எண்ணுக்குப் பக்கத்தில், கோட்டுக்கு வெளியே, சின்னதாக "மோ" என்று போட்டார். மோட்டார் ஓடும்போது எடுத்த அளவு என்று அதற்கு அர்த்தம். ஆபீஸில் புரிந்துகொள்வார்கள், மோட்டாரைக் கொண்டுவந்ததே அவர்கள்தானே. அவளும் சரி என்றாள். அதற்கு மேல் அந்தப் பேச்சு அந்த வீட்டில் எழவில்லை.

ஆபீஸில் நோட்டைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவருக்கு மூன்று கட்டம் இருந்தது: தேதி, நேரம், அளவு. "மோ"வுக்குக் கட்டம் இல்லை. கட்டம் இல்லாததை அவர் எங்கே ஏற்றுவார்? நாற்பது, நாற்பத்தொன்று, நாற்பது என்று நாலு மாதம் ஏறியது. அந்த எண்கள் ஒரு கோடாகி, அந்தக் கோடு சுவரில் ஒட்டப்பட்டது. மோட்டாரை வாங்கிவந்த மேனேஜரே அந்தக் கோட்டைப் பார்த்துப் பூரித்துப்போனார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஏறுகிற கோட்டைப் பார்த்தால் ஏன் ஏறுகிறது என்று கேட்கத் தோன்றாத மனுஷர், அவ்வளவுதான்.

"வியாழக்கிழமை கமிட்டி வருது டீச்சர். நாலாவது குழாய் பத்தி முடிவு பண்ணப் போறாங்க. நம்ம கோடு எப்படி ஏறுது பாருங்க, கண்டிப்பா கிடைச்சுடும். நீங்க உங்க பாட்டுக்கு நல்லா சுத்திக் காட்டுங்க" என்று கமிட்டி அனுப்பிய கடிதத்தின் பிரதி ஒன்றை அவள் கையில் கொடுத்தார்.

அவர் முதல் பக்கத்தோடு நிறுத்தியிருந்தார். அவள் மத்தியானம் மரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டாம் பக்கத்தையும் படித்தாள். நீர்மட்டம் எதிர்பார்த்த அளவை எட்டி நாலு மாதமாக நிலைத்து நிற்பதால், நாலாவது குழாய்க்குத் தேவை இல்லை எனக் கருதப்படுகிறது. கமிட்டி நேரில் பார்த்து இதை உறுதி செய்யும் என்று எழுதியிருந்தது. இரண்டு தடவை படித்தாள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடியே மூடிவிட்டாள்.

சாயங்காலம் சமையலறையில் அந்தத் தாளைக் கணவரிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் எழுந்து போகவில்லை.

"நான்தான் நேரத்தை மாத்தச் சொன்னேன்" என்றாள்.

"நான்தான் எழுதினேன்."

"பிள்ளை மயங்கி விழுந்துச்சேங்க. வேற என்ன பண்ணியிருக்கணும் நான்?"

அவளுக்கு அழுகை வந்தது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாலும் பரவாயில்லை, இது ஒரு நிலம் முழுக்கப் போட்ட மண். ஆயிரக்கணக்கான பிள்ளைகளிடம் தண்ணீர் திரும்பி வரும் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, அது வருகிற ஒரே வழியை அவளே அடைத்திருக்கிறாள்.

"பூசி மெழுக வேண்டாம். நோட்டை எடுத்துக்கிட்டுப் போவோம். இருக்கிறதை இருக்கிறபடி சொல்லிடுவோம்" என்றார் அவர்.

வியாழக்கிழமை காலை அவள் மோட்டார் ஓட்டுகிறவரிடம் போனாள்.

"அண்ணே, இன்னிக்கு மோட்டார் போடாதீங்க."

"மேனேஜர் சொன்னாரா?"

"நான் சொல்றேன். ஏதாவது ஆச்சுன்னா என் பேரைச் சொல்லுங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

கமிட்டியில் ஏழு பேர். தலைவர் ஒரு வயதான அம்மா. நரைத்த தலை, தட்டையான செருப்பு, கையில் தானே எழுதிக்கொள்கிற ஒரு குட்டி நோட்டு. வழியில் ஒவ்வொரு விளக்கப் பலகை முன்னாலும் நின்று நல்ல கேள்வியாகக் கேட்டார். இவரிடம் சொன்னால் புரியும் என்று தண்ணி டீச்சருக்கு நெஞ்சில் கொஞ்சம் தைரியம் வந்தது. மேனேஜர் பின்னால் வந்துகொண்டே காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். மோட்டார் சத்தம் கேட்கவில்லை என்பது மதகுக்கு இருபதடி இருக்கும்போது அவருக்கு உறைத்தது. அதற்குள் அவள் மதகுப் பலகையில் கை வைத்துவிட்டாள்.

மூன்று எண்ணவில்லை. பேசாமல் தூக்கினாள். பலகைக்குப் பின்னால் நேற்றைய ஈரம் காயாத சேறும் ஒரு நத்தை ஓடும் இருந்தன. வாய்க்காலில் அளவுகோல் தரையில் நட்ட குச்சியாக நின்றது.

"இதுதான் நிஜமான அளவு" என்றாள். நிறுத்தாமல் சொன்னாள். மோட்டாரைச் சொன்னாள், குட்டையைச் சொன்னாள், மயங்கி விழுந்த பிள்ளையைச் சொன்னாள், ஏழரை மணியைச் சொன்னாள். அவள் கணவர் நோட்டைப் பிரித்து ஒவ்வொரு "மோ"வாக விரல் வைத்துக் காட்டினார். நூற்றுப் பதினெட்டு "மோ". தலைவர் அம்மா ஒன்றைக்கூட விடாமல் பார்த்தார்.

"ரொம்ப நன்றிம்மா. இப்படி வந்து சொல்றதுக்கு மனசு வேணும்" என்றார். அதை மனதாரத்தான் சொன்னார்.

"நாலாவது குழாய் வந்தாத்தான் மேடம் தண்ணி உள்ள வரும்" என்றாள் அவள்.

தலைவர் அம்மா தன் குட்டி நோட்டைப் புரட்டினார். "மூணு குழாய் போட்டு மூணு வருஷம் ஆச்சு. தண்ணி வந்திருக்குன்னு நினைச்சுத்தான் இங்க வந்தோம். நீங்க வரலைன்னு சொல்றீங்க, நானும் நம்பறேன். அப்போ மூணு போட்டும் வராத தண்ணி நாலாவது போட்டா வரும்னு எதை வெச்சும்மா சொல்றீங்க?"

"ஓடையோட பழைய பள்ளம் அங்கதான் மேடம் இருக்கு" என்றார் அவள் கணவர்.

"அங்க அளவு எடுத்திருக்கீங்களா?"

அவள் கணவர் நோட்டை மூடினார். அங்கே அளவுகோல் இல்லை. தண்ணீர் வந்த பிறகு நடலாம் என்று சொல்லியிருந்தார்கள். பார்க்காததை அவர் சொல்ல மாட்டார். அந்த நேரத்தில்கூட அவரால் சொல்ல முடியவில்லை.

"அளவு இல்லாம ரோட்டை ரெண்டு மாசம் மூடச் சொல்லி நான் யார்கிட்டயும் போய் நிக்க முடியாதும்மா. அளவு ஏறின நாலு மாசமும் மோட்டார் அளவுன்னு நீங்களே சொல்லிட்டீங்க" என்று தலைவர் அம்மா மெதுவாகச் சொன்னார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. அவர் அவள் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு வேனில் ஏறினார்.

தண்ணீர் வந்துவிட்டது என்றால் குழாய் வேண்டாம். வரவில்லை என்றாலும் குழாய் வேண்டாம். பொய்க்கும் அதே பதில், உண்மைக்கும் அதே பதில். இதை அவள் அன்று முழுவதும் வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். எந்தப் பக்கத்திலிருந்து சொன்னாலும் ஒரே இடத்தில்தான் வந்து நின்றது.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. வேலை நிறுத்தப்படுகிறது. நீர்மட்டம் எடுக்கும் பணியும் நிறுத்தப்படுகிறது. பிள்ளைகளிடம் நல்ல வரவேற்பு இருப்பதால் சுற்றுலா மட்டும் தொடரலாம். செயல்விளக்கத்துக்காகச் சத்தமில்லாத மின்சார மோட்டார் ஒன்று வழங்கப்படும். நல்ல மனசோடுதான் கொடுத்தார்கள். அளவுகோலைப் பிடுங்கி, பெயிண்ட் அடித்து, பிள்ளைகள் தொட்டுப் பார்க்க வசதியாகப் பலகைப் பாதையின் ஆரம்பத்தில் நட்டுவைத்தார்கள்.

அவள் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் கணவர் வேலை போன வீட்டில் அவள் வேலையும் போனால் அடுப்பு எரிய வேண்டுமே. அவர் இப்போதும் ஏழு மணிக்கு முன்னால் எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்ப்பார். ஏழு அடித்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். அந்தச் சட்டையைப் பார்க்க முடியாமல்தான் தினமும் சீக்கிரமே கிளம்பிவிடுகிறாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் நாற்பது பிள்ளைகள் வந்தார்கள். அவள் கதையைச் சொன்னாள். மூன்று எண்ணினார்கள், பலகையைத் தூக்கினாள், தண்ணீர் சத்தமே இல்லாமல் கணக்காக வந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். திரும்பி வரும் வழியில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் தொப்பியை மதகிலேயே விட்டுவிட்டு வந்ததாகச் சொல்லி ஓடினாள். கொஞ்ச நேரத்தில் தொப்பியோடு மெதுவாக நடந்து வந்தாள். மரத்தடியில் எல்லோரும் உட்கார்ந்து வினாத்தாளை எழுதினார்கள்.

ஒவ்வொரு பிள்ளையாக வந்து நிற்க, அவள் திருத்தி முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். இரட்டைப் பின்னல் பெண்ணின் தாளில் முதல் கேள்வி சரி, இரண்டாவது சரி. மூன்றாவதில் குண்டு குண்டான எழுத்தில், மோட்டாரிலிருந்து என்று எழுதியிருந்தது.

அவள் பேனா அந்த வரியில் நின்றது. அந்தச் சின்னப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"அந்த அண்ணன் சுவிட்சை ஆஃப் பண்ணினாரு டீச்சர். தண்ணி நின்னுடுச்சு. நான் பார்த்தேன். பார்த்ததைத்தான் எழுதினேன்."

சரி என்று போட்டால் மற்ற முப்பத்தொன்பது தாளும் தப்பு. பஸ் ஹாரன் அடித்தது. கூட வந்த வாத்தியார், "சீக்கிரம், சீக்கிரம்" என்று கையைத் தட்டிக்கொண்டிருந்தார். ஏழு பெரியவர்களிடம் நோட்டோடு போய்ச் சொன்ன உண்மை என்ன ஆயிற்று என்று அவளுக்குத் தெரியும். ஓர் எட்டு வயதுப் பெண் அதைத் தூக்கிக்கொண்டு போய் என்ன செய்யப்போகிறாள்?

அவள் அந்த வரியில் தப்பு போட்டாள்.

"பாடத்துல என்ன சொன்னேனோ அதை எழுதணும்மா" என்றாள்.

பெண் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து ரப்பரை எடுத்து, மண்டி போட்டு உட்கார்ந்து, தாள் கிழிந்துவிடாமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அழித்தாள். அழித்த இடத்தில், மேலே உள்ள ஓடையிலிருந்து என்று எழுதிக்கொண்டு வந்து நீட்டினாள்.

தண்ணி டீச்சர் சரி போட்டாள். நாரை முத்திரையை மையில் ஒற்றி எடுத்து அந்தத் தாளின் மேல் குத்தினாள். அடுத்த பிள்ளை வந்து நின்றது.